மேற்குச் சுவருக்கு ஒரு கலவை

“என்ன சுமா அது சத்தம்? லாரி எதாச்சும் மோதிருச்சா?”

“லாரி இல்லக்கா. எங்க மேற்குச் சுவத்துப் பூச்சு விழுந்துருச்சு.”

“பூச்சு விழுந்ததுக்கா இந்தச் சத்தம்? எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுச்சே!”

“சும்மா பூச்சா அது? எங்க வீட்டுக் கம்பெனிக்காரர் போட்ட பூச்சுல்ல.”

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது. தளியிலிருந்து ஜவளகிரி போகிற ரோட்டோரம், ஓட்டு வீடு. வீட்டின் மேற்குச் சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரே பலகையாகச் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழுந்து, உடையாமல், சுவரில் சாய்ந்து நின்றது. அதன் முதுகில் செங்கல்லின் முகமெல்லாம் உரிந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் மிச்சமிருந்த கல்லைச் சுமலதா விரலால் தொட்டாள். செம்பொடி பொலபொலவென்று கொட்டியது.

“அய்யோ சிவனே! பூச்சு கல்லாட்டம் நிக்குது, கல்லு மாவாட்டம் கொட்டுதே! இது ஹெங்கே?” கெம்பம்மாவுக்கு அதிர்ச்சி வந்தால் கன்னடமும் கூடவே வந்துவிடும்.

“அதத்தான் அவரு வந்ததும் நானும் கேக்கணும்.”

அவர் என்பது ராஜசேகர். ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தளி வந்து, அங்கே நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு சேர எட்டரை ஆகும். அன்றைக்கும் எட்டரைக்கு வந்தான். வண்டியின் மேலிருந்தபடியே சுவரைப் பார்த்தான். ஸ்டாண்டு போட மறந்து இறங்கப் போக, வண்டி சாய்ந்தது.

“யாரு பண்ணது?”

“நீங்கதான்” என்றாள் சுமலதா.

விஷயம் இதுதான். சித்திரைக் கடைசியில் அண்ணிக்கு ஆபரேஷன் என்று நாகரசம்பட்டிக்குப் போன சுமலதாவுக்கு, அங்கே பன்னிரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. அண்ணன் தோப்பில் மாங்காய் அறுப்பு நேரம் வேறு. அந்தப் பன்னிரண்டு நாளில் ராஜசேகர் லீவு போட்டு, தன் கையாலேயே மேற்குச் சுவரைப் பூசி முடித்திருந்தான். சுவர் அவன் அப்பா காலத்தில் கட்டியது. சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல், மண் சாந்து. மழைச் சாரல் அடித்து அடித்துக் கல்லிடுக்குச் சாந்து கரைந்து ஓடி, பல்லி புகுந்து வந்துகொண்டிருந்தது. பெண்டாட்டி வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று அவனுக்கு ஆசை. அவள் வந்து பார்த்தபோது சுவர் தார் ரோடு மாதிரிக் கருகருவென்று மின்னியது.

“எத்தனைக்கு எத்தனை போட்டீங்க?” என்று மட்டும்தான் அன்றைக்குக் கேட்டாள்.

“ஒண்ணுக்கு ரெண்டு. ஒரு சட்டி சிமெண்ட்டுக்கு ரெண்டே சட்டி மணலு. ஊரான் வீட்டுக்குத்தான் ஆறு சட்டி மணலு. நம்ம வீட்டுக்கு எதுக்குக் கஞ்சத்தனம்?”

பதினாறு வருஷமாகக் கலவை போடுகிறவள் சுமலதா. ராமப்ப மேஸ்திரியின் செட்டில் சித்தாள். ஓசூரைச் சுற்றி எழும்புகிற லேஅவுட் வீடுகளில் அவள் கலக்காத மணல் இல்லை. ‘ஒண்ணுக்கு ரெண்டு’ என்றதும் தப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் உள்ளங்கை இரண்டும் சிமெண்ட் கடித்து வெடித்துக் கிடந்ததைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுத் தேங்காயெண்ணெய் எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் முழுங்கிய பேச்சுதான் இன்றைக்குச் சத்தமாக விழுந்திருந்தது.

சாயங்காலம் ராமப்ப மேஸ்திரி வந்தார். கலவை வாரும் கரணையின் பிடியால் சுவரை அங்கங்கே தட்டினார். தட்டின இடமெல்லாம் சொத்தைத் தேங்காய்ச் சத்தம். விட்டம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டார்.

“ராஜா, இது தாங்காது. உள்ள கல்லு மக்கிப்போச்சு. மொத்தமா பிரிச்சுட்டு ஹாலோ பிளாக் வச்சு ஏத்திரணும்.”

“எப்ப ஆரம்பிக்கலாம் மேஸ்திரி?”

“ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்குது. இப்ப ஓட்டைப் பிரிச்சா வீடே நனைஞ்சு போயிரும். தை மாசம் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் உள்ள படுக்காதீங்க.”

“தை வரைக்கும் இந்தச் சுவரு நிக்குமாண்ணா?” என்று சுமலதா கேட்டாள்.

“நிக்கும்னு நான் சொல்ல மாட்டேம்மா.”

அவர் போனதும் ராஜசேகர் வாசல் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தான். கூட வேலை செய்கிற ஒருவனின் வீட்டருகே, ஓசூரில், வாடகைக்கு விடும் லைன் வீடு ஒன்று காலியாக இருந்தது. ஒண்ணாம் தேதி வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

“என்ன, நீங்களே சொல்லிட்டீங்க?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? புள்ள ஹரிணி கிருஷ்ணகிரி ஹாஸ்டல்ல இருக்குறா. நாம ரெண்டே பேரு. ஓசூர்ல ஒரு ரூம்பு போதாதா?”

“மாடு ரெண்டு இருக்குது. அதையும் ரூம்புல கட்டலாமா?”

“குடுத்துரலாம்.”

“வீட்டை?”

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பூட்டிப் போட்ட வீட்டைக் கறையான் என்ன செய்யும், ஓடு ஒன்று நகர்ந்தால் மழை என்ன செய்யும் என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஒண்ணாம் தேதிக்கு இருபது நாள் இருந்தது.

இரண்டு நாள் ராஜசேகர் மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுப் பகலில் தூங்கினான். மூன்றாம் நாள் களி கிண்டி உப்புச்சாறு ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு, சுமலதா அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“கம்பெனியில போல்ட்டு முறுக்குவீங்களே, அந்த ஸ்பானரு டக்குனு சத்தம் போட்டு நின்னுக்கும்னு சொல்லுவீங்கல்ல. எதுக்கு நிக்குது?”

“அளவு வந்துருச்சுன்னு அர்த்தம். இவ்வளவுதான் முறுக்கணும்னு டார்க் செட் பண்ணியிருக்கும்.”

“இன்னும் ரெண்டு சுத்து முறுக்கினா நல்லா இறுகுமே?”

“அடி போடி. அலுமினிய பாடியில இரும்பு போல்ட்டை அப்படி முறுக்கினா உள்ள மரை பிஞ்சுரும். போல்ட்டு நல்லாத்தான் இருக்கும், பாடி போயிரும். போன மாசங்கூட ஒரு புதுப்பையன் எட்டு பம்பை…”

வாய்க்குக் கொண்டுபோன களி உருண்டை பாதியில் நின்றது. அவன் நிமிர்ந்து மேற்குச் சுவரைப் பார்த்தான். சாய்ந்து நின்ற பூச்சுப் பலகையைப் பார்த்தான்.

“போல்ட்டு நல்லாத்தான் இருக்குது” என்றாள் சுமலதா.

“அப்ப நான் சிமெண்ட்டு ஜாஸ்தி போட்டதுதான் தப்பா?”

“நாட்டுக் கல்லு மெத்துனு இருக்குங்க. தண்ணி குடிக்கும், வெயில் அடிச்சா வெளிய விடும். நீங்க அது வாயையும் மூக்கையும் சேத்து அடைச்சுட்டீங்க. தரையில இருந்து ஏறுன ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு கல்லைத் தின்னுருச்சு. கல்லை விடக் கலவை கெட்டியா இருக்கக் கூடாது. வெடிச்சா கலவை வெடிக்கணும், கல்லு வெடிக்கக் கூடாது. கலவையைச் சொரண்டிட்டுப் புதுசு வச்சுக்கலாம். கல்லுக்கு எங்க போறது?”

“அன்னிக்கே ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருக்கணும். உங்க கையைப் பாத்தேன், சொல்ல வாய் வரல. அது என் தப்பு.”

அவன் களியை முழுங்கினான். “இப்ப என்ன பண்ணலாம்ங்கற?”

“பிரிக்க வேணாம். விட்டத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, மக்குன கல்லை மட்டும் ஒவ்வொரு எடமா எடுத்து மாத்தலாம். ஒரு நேரத்துக்கு ஒரு முழம் அகலம், அதுக்கு மேல கை வைக்கக் கூடாது. மேல பாதிச் சுவரு நல்லாத்தான் இருக்குது, நான் தட்டிப் பாத்துட்டேன். பத்து நாள் வேலை.”

“மேஸ்திரி ஒத்துக்குவாரா?”

ராமப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. சைட்டில் டீ குடிக்கிற நேரத்தில் சுமலதா கேட்டபோது மொத்த செட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கலவை நான் சொல்றபடி, ஒண்ணு, ரெண்டு, ஒம்போது. சிமெண்ட்டு ஒண்ணு, சுண்ணாம்பு ரெண்டு, மணலு ஒம்போது. கரணை மட்டும் நீங்க புடிங்கண்ணா.”

“ஒம்போது மணலா? அது கலவையா, இல்ல கோழி மண்ணுல குளிக்கறதுக்கா?” செட்டு சிரித்தது. “ஏம்மா, சித்தாள் கலவை சொல்லி மேஸ்திரி கல்லு வைக்கிறது எந்த ஊர்ல நடக்குது?”

“கலவை போடறது யாருண்ணா? பதினாறு வருசமா நான்தான?”

“போடறது நீ. சொல்றது நான்.”

“சரி, நீங்க வைக்க வேணாம். கரணை குடுங்க, நான் வச்சுக்கறேன்.”

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்துச் செட்டுகளில் வழக்கம் அது: சித்தாள் மணல் சலிக்கலாம், கலக்கலாம், சட்டி தூக்கலாம், சாரம் ஏறிக் கொடுக்கலாம். ஆயுத பூஜைக்குக் கரணையைப் புளி போட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைப்பதும் அவள்தான். அந்தக் கரணையால் ஒரு கல் வைக்க மட்டும் கூடாது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

“என் கரணை பொம்பளை கைக்குப் போவாதும்மா. தப்பா எடுத்துக்காத.”

“எடுத்துக்கல. பத்து நாளு லீவு எடுத்துக்கறேன்.”

தளி கடைவீதி ஹார்டுவேர் கடையில் கரணை கேட்டதும், “மேஸ்திரி என்ன சைஸ் சொன்னாரு?” என்று கடைக்காரர் கேட்டார்.

“என் கைக்கு எது சேருதோ அத வாங்கிக்கச் சொன்னாரு.”

நாலைந்து எடுத்து மணிக்கட்டை ஆட்டிப் பார்த்து ஒன்றை வாங்கினாள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக் குண்டும் நூலும், நீற்றின சுண்ணாம்பு ஒரு மூட்டையும், சிமெண்ட் ஒரே ஒரு மூட்டையும் வாங்கினாள். மணல், பக்கத்துக் கட்டடத்தில் மிஞ்சிக் கிடந்த எம் சாண்ட். ராஜசேகர் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மிச்சமிருந்த லீவையும் சேர்த்துப் போட்டான்.

முதல் வேலை, அவன் பூசியதை அவனே உடைப்பது. தைலமரக் கட்டை நாலு கொண்டுவந்து விட்டத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகு, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தான். இரும்பு மாதிரி இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கொத்தினான்.

“சும்மா சொல்லக் கூடாது, கெட்டியாத்தான் போட்டிருக்கறீங்க” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் குத்திக் காட்டு.”

கெம்பம்மா வேலியோரம் நின்று பார்த்தாள். “ஏம்ப்பா ராஜசேகரு, சித்தாள் வேலையா? சம்பளம் எவ்வளவு?”

“மூணு வேளைக் களிக்கா.”

“அதுவே ஜாஸ்தி! வெறுந்தலையில சட்டி தூக்கற. தலைக்குச் சும்மாடு கட்டிக்கோ. இருக்கறது நாலு முடி.”

இடிந்த பழைய கொட்டகைச் சுவரில் அதே சூளைக் கல் கிடந்தது. சுமலதா ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தாள். கணீரென்றதைத் தண்ணி டிரம்மில் போட்டாள். கல் குபுகுபுவென்று குமிழி விட்டது.

“குமிழி நிக்கற வரைக்கும் ஊறட்டும். காஞ்ச கல்லை வச்சா கலவையில இருக்கற தண்ணியை அது குடிச்சுரும். அப்பறம் கலவை எதைக் குடிக்கும்?”

எம் சாண்டைச் சலித்தாள். சல்லடைக்குக் கீழே இறங்கிய மாவுத்தூளைத் தனியே ஒதுக்கினாள். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் மணலும் ஒரே நிறமாகும் வரை உலர்வாகவே மூன்று தரம் புரட்டச் சொன்னாள். நடுவில் குழி பறித்துத் தண்ணீர் கொஞ்சங் கொஞ்சமாக. ஒரு பிடி எடுத்து உருட்டிக் காட்டினாள். உருண்டை நின்றது, கையில் ஒட்டவில்லை. கரணையில் வாரித் தலைகீழாய்ப் பிடித்தாள், விழவில்லை.

“பாத்துக்கிட்டீங்களா? இதுதான் உங்க டக்கு சத்தம்.”

முதல் கல் வைக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. பதினாறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை. கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கலவையை விரித்தாள், கூடிப்போனது. வழித்தாள். மறுபடி விரித்தாள், கல்லை வைத்துப் பிடியால் இரண்டு தட்டு தட்டினாள். ஓரத்தில் பிதுங்கியதைச் சீவி எடுத்தாள். அந்த ஒரு கல்லுக்குக் கால் மணி நேரம் ஆனது. பத்தாவது கல்லுக்கு அவ்வளவு ஆகவில்லை. மூன்றாம் நாள் பாட்டுக்கூடப் பாடினாள்.

நான்காம் நாள்தான் சண்டை வந்தது. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றப் போனவள், கெம்பம்மாவின் மருமகளோடு பேசி நின்றுவிட்டாள். திரும்பி வந்து, தயாராக இருந்த சட்டியிலிருந்து எடுத்து நாலு கல் வைத்தாள். ஐந்தாவதுக்கு வாரும்போது கரணையில் ஏதோ சொரசொரவென்றது. கையை விட்டுப் பிசைந்து பார்த்தாள்.

“இதுக்கு எப்பத் தண்ணி ஊத்துனீங்க?”

“இப்பத்தான். நீ வர நேரமாயிருச்சு, இறுகிக்கிட்டே போச்சு. கொஞ்சம் ஊத்திக் கலக்கினேன். நல்லா இளகிருச்சு பாரு.”

“போட்டு எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

சுமலதா சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, வைத்த நாலு கல்லையும் ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தாள்.

“ஏய், ஏய்! என்னடி பண்ற? வச்ச கல்லை எதுக்கு எடுக்கற? முழுச் சட்டிக் கலவைடி அது!”

“செத்த கலவைங்க. புடிக்க ஆரம்பிச்ச பின்னால தண்ணி ஊத்துனா இளகும், ஆனா மறுபடி புடிக்காது. பாக்கறதுக்குக் கலவை மாதிரியே இருக்கும்.”

“நாலே நாலு கல்லு. யாருக்குத் தெரியப் போவுது?”

“விட்டத்துக்குத் தெரியும்.”

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். “நான் என்ன பண்ணாலும் தப்பு. ஜாஸ்தி போட்டா தப்பு, தண்ணி ஊத்துனா தப்பு. ஒண்ணாம் தேதி லைன் வீட்டுக்குப் போறோம், அவ்வளவுதான்.”

“போலாம். இன்னும் பத்து நாளு இருக்குது. அதுவரைக்கும் மண்வெட்டியை எடுங்க. இந்தத் தடவை சட்டி பாதிதான் போடணும். ஒரு மணி நேரத்துல தீந்துறணும்.”

சொன்னாள், கல்லைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. அவன் பீடி பற்ற வைத்தான், பாதியில் அணைத்தான். பிறகு மணல் சலிக்கும் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் விட்டத்துக்கு நேர் கீழே, கீழ்ப்பாதிச் சுவரில் கடைசிக் கல் இறங்கியது. இண்டு இடுக்கில் கலவையைக் குச்சியால் திணித்தாள். வெளியே பூச்சு கிடையாது, சுண்ணாம்பு அடித்தால் போதும் என்றுவிட்டாள். அன்றைக்கே தளியின் சாரல் பிடித்துக்கொண்டது. சுவருக்குச் சாக்குக் கட்டி, அதற்கு மேல் தார்பாய் இழுத்தார்கள். ஓடுகிற தண்ணீர் இடுக்கைக் கழுவிவிடக் கூடாது, ஈரம் மட்டும் வேண்டும். சாரல் விட்ட நாளில் மூன்று வேளையும் சாக்கை நனைத்தான் ராஜசேகர். சொல்லாமலே நனைத்தான்.

முப்பதாம் தேதி காலை ராமப்பன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். வேலைக்கு ஆள் பத்தவில்லை, அதைக் கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே சாக்கை விலக்கிப் பார்த்தார். ஆணியால் இடுக்கைக் கீறினார். மெல்லிய கோடுதான் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து தன் தூக்குக் குண்டை எடுத்துத் தொங்கவிட்டார்.

“ம். அரை அங்குலம் வெளிய இருக்குதே!”

“மேல இருக்கற பழைய சுவரு அரை அங்குலம் வெளியண்ணா. கீழ நான் நேரா வந்திருந்தா மேல் சுவரு உட்கார்ற எடத்துல கல்லோட ஓரம் அந்தரத்துல நிக்கும். அதான் அது போற வழியில நானும் போனேன்.”

ராமப்பன் நூலைச் சுற்றிப் பைக்குள் போட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

“ஒம்போது மணலு?”

“ஒம்போதுதான்.”

“சுண்ணாம்பு ரெண்டு.” அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “எங்கப்பன் காலத்துல போடுவாங்க. நாங்கதான் விட்டுட்டோம், சீக்கிரம் முடியணும்னு. சரி, அடுத்த வாரம் வேலைக்கு வர்றியா?”

“சித்தாளாவா?”

அவர் வண்டியைத் திருப்பினார். கிளப்பிவிட்டுச் சொன்னார்: “மத்திகிரியில ஒரு பழைய வீடு வந்திருக்குது. இதே மாதிரி கல்லு. உன் கரணையை எடுத்துட்டு வா.”

அன்றைக்கு மீண்டும் நைட் ஷிப்ட் ராஜசேகருக்கு. மறுநாள் காலை அவன் வரும்போது சுமலதா வீட்டுக்குள் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று முட்டுக் கட்டையை ஏற்கெனவே தட்டி எடுத்திருந்தாள்.

“ஏய், இரு. இன்னும் ஒரு மாசம் நிக்கட்டும்டி.”

“எதுக்கு?”

“சும்மா. ஒரு தைரியத்துக்கு.”

“நாளைக்கு ஒண்ணாம் தேதி. முட்டு நிக்கற வீட்டைப் பாத்துட்டுப் போறதா, இருக்கறதான்னு எப்படி முடிவு பண்றது? சுவரு நிக்குதான்னு பாத்துரலாம். நீங்க வெளிய நில்லுங்க.”

அவன் வெளியே போகவில்லை. வாசற்படியில் நின்றான். சுமலதா கடைசிக் கட்டையின் அடியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அசையவில்லை. இன்னொரு அடி. கட்டை சரிந்து விழுந்தது. மேலே விட்டம் ‘கிர்க்’ என்று ஒரு தரம் முனகிச் சுவரில் உட்கார்ந்தது. ஓட்டிலிருந்து கொஞ்சம் தூசி இறங்கியது. அவ்வளவுதான்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தபடியே நின்றார்கள். சுவரில் எங்கும் கோடு விழவில்லை. மாடு ஒன்று கொட்டகையில் கத்தியது. சுமலதா சுத்தியலை வைத்துவிட்டுத் தீவனம் போடப் போனாள்.

அவள் தீவனம் போட்டு, சாணி வழித்து, பால் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது கெம்பம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

“சுமா! நாளைக்குச் சாமான் ஏத்த வண்டி எத்தனை மணிக்கு வருது? உரலை எனக்கே குடுத்துட்டுப் போயிடு, சொல்லிட்டேன்!”

சுமலதா எழுந்து வாசலில் எட்டிப் பார்த்தாள். கொட்டகைக் கட்டில் காலியாக இருந்தது. யூனிபார்மைக் கூடக் கழற்றாமல், வீட்டுக்குள் மேற்குச் சுவரோரம், விட்டத்துக்கு நேர் கீழே பாயை விரித்து, ராஜசேகர் சுவருக்கு முதுகைக் கொடுத்துக் கிடந்தான்.

“மெதுவாப் பேசுக்கா” என்றாள். “அவரு தூங்கறாரு.”